185, அறுபது, பதினாலு

கரடிப்போக்குச் சந்தியில் கஜரூபனின் ரயர்க்கடை.
மத்தியான வெயிலில் காற்றடிக்கிற மெசின்
இருமி இருமி ஓய்கிறது.
என் சிவப்பு ஸ்ரார்லெட்
நாலு சில்லும் கழன்று
கட்டையில் நிற்கிறது,
குளிக்கக் கூட்டிவந்த பிள்ளைமாதிரி
கொஞ்சம் கூச்சத்தோடு.

பதினாறு போடுவம், என்றேன்.
படத்தில் பார்த்துவைத்திருந்தேன்:
பெரிய றிம், சுற்றிவர றப்பர் ஒரு கோடு,
நிலத்தோடு பதுங்கிப்
பாயப்போகிற பூனை.

கஜரூபன் மறுத்துச் சொல்லவில்லை.
மூலையில் கிடந்த பதினாறில் ஒன்றை உருட்டிவந்து
முன்பக்கம் பூட்டி, ஜக்கை இறக்கி,
ஸ்ரேறிங்கை முழுக்க ஒடியுங்கோ அக்கா, என்றான்.
ஒடித்தேன்.
உள்ளே எங்கேயோ
சர்ர் என்றது.

படக்கூடாத ஒன்றில் இன்னொன்று படுகிற சத்தம்.
எட்டு வருஷமாய் என் உத்தியோகமே
அது கேட்காமல் பார்ப்பதுதான்.
விடிய ஐந்தரைக்கு வானேறி
முகத்துக்குக் கண்ணாடித் தட்டு இறக்கி
ஒரு மீற்றர் அகலப் பாதையில் குந்தியிருந்து
மண்ணைச் சுரண்டுகிறேன்.
பதினைந்து சென்ரிமீற்றர் ஆழம்.
பதினாலரை அல்ல.
பின்னால் ஒருவர் குச்சி வைத்துப் பார்ப்பார்.
இந்தக் காரில் பாதி அந்த மண்.
மீதி லீசிங்.

பில் புத்தகத்தின் பின்பக்கத்தைத் தா, என்றேன்.
கணக்குப் போட்டோம்.
கம்பனி விட்டது 165, எழுபது, பதின்மூன்று.
முதலாவது அகலம்.
இரண்டாவது உயரமல்ல,
அகலத்தில் எத்தனை வீதம் உயரம் என்பது;
சனம் வழுக்கி விழுவது இதில்தான்.
றப்பர் நூற்றுப்பதினைந்தரை மில்லி,
மேலிருந்து கீழ்வரை ஐந்நூற்று அறுபத்தொன்று.

பதினாறுக்கு றப்பர் எண்பத்தெட்டு.
அந்த எண்பத்தெட்டை
விசுவமடுவில் தார் முடிந்தபிறகு
என் வீடுவரைக்கும் வருகிற
மூன்று கிலோமீற்றர் கிறவலுக்குக் காட்டிப் பார்த்தேன்.
மாரியில் அந்தக் கிடங்குகளுக்குள் கெளிறு ஓடும்.
கிறவல் சிரித்தது.

வதனரூபி எடுத்தாள்.
"இன்னும் ரயர்க்கடையிலயோ?
எனக்கு மாப்பிள்ளை பார்க்கவே
இவ்வளவு நேரம் எடுக்கேல்லையடி."
நாலு ஓட்டையும் நேர் வரவேணும்,
நூறு மில்லி வட்டத்தில், என்றேன்.
"அதுதான், நாங்கள் அளக்கேல்லை" என்றாள்.
சிரித்தாள். பிறகு கொஞ்சநேரம்
லைனில் காற்று மட்டும்.

கடைசியில் 185, அறுபது, பதினாலு.
றப்பர் நூற்றுப்பதினொன்று,
பழையதுக்கு நாலரை மில்லி குறைவு.
அகலம் இருபது கூட.
பூனையில்லை.
பக்கவாட்டில் பார்த்தால்
நெஞ்சு நிமிர்த்தின ஒரு கோழி.
பரவாயில்லை.

பூட்டினபிறகு முழுக்க ஒடித்து நிறுத்தி
ரயருக்கும் தகட்டுக்கும் நடுவே
சுட்டுவிரலை விட்டேன்.
போனது.
தகட்டோரமாய் ஒரு சுற்று ஊர்ந்து
திரும்பி வந்தது.
"ஏனக்கா மூச்சைப் பிடிக்கிறீங்கள்?"
பிடிச்சனானோ?

மொத்த உயரம் பதினாறு மில்லி கூடிவிட்டது,
இனி முள் கொஞ்சம் பொய் சொல்லும், என்றான்.
அறுபது காட்டினால் அறுபத்திரண்டு.
சந்தியில் நிற்கிற பொலிஸ்
முள்ளைக் கேட்கமாட்டான்.

பழைய நாலையும் கொண்டுபோகச் சொன்னான்.
தண்ணி தேங்கினால் டெங்கு,
சுகாதாரப் பரிசோதகர் கடைக்கல்லோ தண்டம் எழுதுவார்.
டிக்கியில் இரண்டு, பின்சீற்றில் இரண்டு,
பெல்ட் போடாத பயணிகள்.

பரந்தன் திரும்பி முரசுமோட்டை தாண்ட
வயலெல்லாம் மாலை.
எருமைகள் றோட்டைக் கடக்குமட்டும் நின்று
பிறகு மிதித்தேன்.
வளைவில் கார் சரியவில்லை,
அந்த இருபது மில்லியும் தாரைப் பிடித்துக்கொண்டது.
அறுபது, என்றது முள்.
இரண்டை நான் கூட்டிக்கொண்டேன்.

விசுவமடு.
தார் முடிகிற இடம் வந்தது.
வழமையைவிடக் கொஞ்சம் பிந்தித்தான்
பிறேக்கில் கால் வைத்தேன்.