எடை நாள்

ஈசுவர வருஷம் ஆவணி.
வைகையில் இடுப்பளவு தோண்டினாலும் மணலே வந்த மாதம்.
எழுநூறு பேருக்குக் கட்டிய மதுரை ஜெயிலில்
அன்று காலை என் கணக்கு
ஆயிரத்து நூற்று முப்பத்தாறு.
ஆள் கூடினாலும் நான்தான் மை தொடவேண்டும்,
குறைந்தாலும்.

நான் ரைட்டர் ஞானாதிக்கம், சம்பளம் பன்னிரண்டு ரூபாய்.
பதினைந்து நாளுக்கு ஒருமுறை
பஞ்சு மூட்டை நிறுக்கும் தராசில்
மனுஷரை நிறுப்போம்.
தட்டில் குந்தச் சொன்னால் குந்துவார்கள்,
சந்தைக்கு வந்த கோழிபோல் கழுத்தை உள்ளிழுத்து.
வரும்போது எண்பது ராத்தல். மறு நிறுவையில்
ஆறோ ஏழோ கூடும்.
டாக்டர் துரை தலையசைப்பார்,
தன் பாத்தியில் கோஸ் திரண்டதைப் பார்த்தமாதிரி.

411. ஒச்சு. கருமாத்தூர்ப் பக்கம்.
அரைப்படி கம்பு. மூன்று மாதம்.
களவாண்டவன் ஓடவில்லையாம்;
மடியில் முடிந்துகொண்டு சந்தையிலேயே உட்கார்ந்திருந்தானாம்,
தலையாரி சாப்பிட்டுவிட்டு வரும்வரை.

எண்பத்து நான்கு.
எண்பத்தொன்று.
எழுபத்தேழு.

அதே களி, அதே செக்கு, அதே கொட்டடி.
ஊரே ஊதும்போது இவன் மட்டும் இறங்குகிறான்.
"வயிற்றில் புழு என்று எழுது," என்றார் துரை.
எழுதினேன்.

புழு இல்லையென்று ஜமேதார் காதர் மொய்தீன் கண்டுபிடித்தார்.
உச்சிப்பொழுது, செக்குக்கொட்டகைக்குப் பின்னால்,
களியுருண்டையை ஒட்டாமலிருக்கப் புழுதியில் புரட்டி
மேற்கு மதிலுக்கு மேலே எறிகிறான்.
விழுந்தால் சத்தம் கேட்குமே என்று
ஜமேதார் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாராம்.
கேட்கவில்லை.
அந்தப் பக்கம் யாரோ
முந்தானை விரித்து நிற்கிறார்கள்.

பதிவேட்டில் குற்றத்துக்கு ஒரு பத்தி உண்டு:
பீடி, சண்டை, தப்பியோட முயற்சி, வேலை மறுப்பு.
சோற்றைத் தப்பியோட விட்டதற்கு இல்லை.
"சர்க்கார் பொருளைச் சேதப்படுத்தியது" என்று போட்டேன்.
ஏழு நாள் அரைக்களி.
அந்த அரையிலும் பாதி
மதில் தாண்டிப் போனது.

பிறகுதான் தபாலில் அந்த உத்தரவு வந்தது.
ஜெயில்களில் இடமில்லை. பசிக்குக் களவாண்டால்
இனி பன்னிரண்டு பிரம்படி, உடனே வாசல்.
உள்ளே இருப்பவரில் மாதத்துக்குள் முடிகிறவரைத்
தள்ளுபடி செய்து அனுப்பலாம்.
நூற்றுநாற்பது பெயர் வாசித்தேன்.
ஒருவன்கூடக் கும்பிடவில்லை.

ஒச்சு தராசை விட்டு இறங்காமல் கேட்டான்:
"இன்னும் இருவத்திரண்டு நாள் பாக்கி இருக்கே சாமி.
சர்க்கார் கடன் வைக்கலாமா?"
வாசல்வரை போனவன் திரும்பி வந்து
தண்ணீர்த் தொட்டி மேல் கல்லெறிந்தான்.
அதற்குப் பன்னிரண்டு கிடைத்தது.
நாள் கிடைக்கவில்லை.
முதுகைக் காட்டியபடியே சொன்னான்:
"நான் வெளிய நின்னா
உள்ளேருந்து எவன் எறிவான்?"

கடைசி நிறுவை எழுபத்து நான்கு.
வந்த எடைக்குக் கீழே எவனும் போகக்கூடாது,
மேலே அறிக்கை கேட்பார்கள், என்றார் துரை.
தராசைப் பார்க்காமலே சொன்னார்.
எண்பத்து நான்கு என்று எழுதினேன்.
பத்து ராத்தல், என் பேனா போட்ட சதை.
அதைச் சுமந்துகொண்டு அவன் போனான்.

அன்று மாலை சமையல்கட்டில்
பழைய கணக்கிலேயே கிண்டி உருட்டிவிட்டார்கள்.
நூற்றுநாற்பது உருண்டை மீதி.
துரையின் பன்றிக்குப் போகட்டும் என்றது உத்தரவு.
வாளி தூக்கியவன் ஒன்று குறைகிறதென்றான்.
சரியாக எண்ணு, என்று அதட்டினேன்.

இருட்டியபின் மேற்கு மதிலடிக்குப் போனேன்.
எறிந்து பழக்கமில்லாத கை.
முதல்முறை கல்லில் பட்டு என் காலடிக்கே வந்தது.
புழுதியில் புரட்டினேன்.
இரண்டாவது தாண்டியது.

விழுந்த சத்தம் கேட்டது.