வரிசை எண் ஐந்து

மே மாதம். பிள்ளைகள் இல்லாத கல்லூரி.
வாணியம்பாடி வெயிலில் ஏலகிரி
ஜன்னலுக்கு வெளியே வெளிறிக் கிடந்தது.
துறை அறையில் நாலு பேர், ஒரு மின்விசிறி,
கமிட்டி வருமுன் நிரப்பவேண்டிய படிவம்.
'இப்பாடத்தை முடிக்கும் மாணவர்' என்று
அச்சடித்தே தந்துவிட்டார்கள்.
மிச்ச வாக்கியம்தான் எங்கள் வேலை.

'அறிவர்' போடக்கூடாதாம்.
'புரிந்துகொள்வர்' கூடவே கூடாது.
அளக்க முடியாத வினைச்சொல்லெல்லாம்
சிவப்பில் அடித்த பட்டியலொன்று
பீரோ கதவில் ஒட்டியிருக்கிறது.
வரையறுப்பர், பட்டியலிடுவர், கணக்கிடுவர்
இவை பச்சை.
'ரசிப்பர்னு போட்டா?' என்றார் தயாளன் சார்.
ஒருங்கிணைப்பாளர் சிரிக்கவில்லை.

முபீனா மேடத்துக்கு ஒரே நோக்கம்தானாம்:
கடைசி பெஞ்சிலிருந்து செமஸ்டருக்கு ஒரு கேள்வி.
'தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா, கணக்குல வராது'
என்றும் சேர்த்துக்கொண்டார்.
தயாளன் சார் போன வருஷப் படிவத்தை
அப்படியே பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்,
வருஷத்தை மட்டும் மாற்றி.
பையன்கள் செய்தால் அதற்கு வேறு பெயர்.

நான் நாலு வரி எழுதிவிட்டேன்.
நீரின் கடினத்தன்மையை வரையறுப்பர்,
தரம்பார்த்தலின் படிகளைப் பட்டியலிடுவர்
என்கிற மாதிரி.
ஐந்தாவதில் பேனா நின்றது.

அஸ்ஃபியா.
செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம்.
ஆய்வகத் தண்ணீர் எப்போதும்
ஏகாம்பரம் கலக்கிவைப்பது.
விடை அவர் சட்டைப்பையில்
துண்டுச்சீட்டாய் இருக்கும்.
பதினெட்டு புள்ளி இரண்டு.
கை நடுங்கிய பிள்ளைக்கும்
பாதியை மேசையில் சிந்திய பிள்ளைக்கும்
மூன்று முறையும் பதினெட்டு புள்ளி இரண்டு.
நானும் டிக் போட்டுப் பழகியவள்.

அவள் மட்டும் வீட்டு போர்வெல் தண்ணீரைக்
குளிர்பான பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள்,
யாரையும் கேட்காமல்.
ப்யூரெட்டைச் சொட்டுச் சொட்டாய்த் திறந்து
பிறகு பொறுமை போய் ஓடவிட்டு
ஐம்பது மில்லியும் தீர்ந்தது.
குடுவையில் அதே ஒயின் சிவப்பு.
நீலம் வரவேயில்லை.
அளவீடு என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள்:
'மாறவில்லை.'

நான் அதை அடித்தேன்.
'மறுபடி செய்க' என்று எழுதி
இனிஷியல் போட்டேன்.
மறுபடி செய்தாள்,
ஏகாம்பரத்தின் தண்ணீரில்.
பத்துக்குப் பத்து.

அன்றைக்கு அவள் கற்றுக்கொண்டது எதுவோ
அதையும் நான்தானே கற்றுக்கொடுத்தேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நேற்றுதான் பார்த்தேன்,
கழுவுதொட்டிக்கு அடியில் அந்தப் பாட்டில்,
மூடியைச் சுற்றி வெள்ளையாய் உப்பு பூத்து.
ஐந்து மடங்கு நீர்த்தேன்.
பன்னிரண்டு புள்ளி ஆறில் நீலம் வந்தது.
பெருக்கினால், லிட்டருக்கு
மூவாயிரத்து நூற்றைம்பது.
பருப்பு வேகாத தண்ணீரென்று
அவள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்
ப்யூரெட் இல்லாமலே.

நீர்த்துப் பார் என்று ஒரு வார்த்தை.
பதினோரு வருஷத்தில் யாருக்கும் சொன்னதில்லை.
தேவைப்பட்டதில்லை,
விடை சட்டைப்பையில் இருந்ததால்.

எழுதினேன்.
'நிறம் மாறாதபோது, மாறவில்லை என்று எழுதுவர்.
அதை அடிக்கும் ஆசிரியரை, ஏன் என்று கேட்பர்.'

ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியை இறக்கிப் படித்தார்.
'எழுதுவர் இருக்கு. பச்சை.
கேட்பர்...'
பட்டியல் நெடுக விரலை ஓட்டினார்.
'இத எப்படி மேடம் அளப்பீங்க?'

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
தயாளன் சார் படிவத்தால் விசிறிக்கொண்டார்.
முபீனா மேடம் ஜன்னலின் இன்னொரு கதவையும் திறக்க
தோல் வாடையோடு கொஞ்சம் காற்று.
நான் வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில்
அஸ்ஃபியாவின் செல் நம்பரைத்
தேடிக்கொண்டிருந்தேன்.