சொட்டாத எண்ணெய்

மூன்று கராச்சிலும் ஒரே தீர்ப்பு:
கியர் பெட்டியைக் கழற்று, வேறு போடு,
நாலாயிரத்து இருநூறு யூரோ.
நாலாவதாக என்னிடம் வந்தார் வாகீசன்,
வூப்பர்டாலின் கட்டர்ன்பெர்க் மேட்டிலிருந்து
இழுவை வண்டியின் முதுகில்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு பென்ஸ்,
பாலாடை நிறம்,
மூக்கில் இன்னும் சாமந்தி மாலை.
பின்கதவு இடுக்கில் சரிகை நூல் ஒன்று.

"பொம்பிளையோட ஏறிக்கொண்டிருந்தனான்.
ரெண்டில இருந்து மூண்டுக்குப் போகேல்லை.
எஞ்சின் கத்துது, கார் நகரேல்லை.
பிறகு இடுப்பில உதைச்ச மாதிரி ஒரு உதை.
திரும்பிப் பாத்தா வெள்ளைப் புகை,
பின்னால வந்த ஒருத்தற்ற காரும் தெரியேல்லை."

பெண்ணின் மாமி, சகுனம் என்றாளாம்.
சில்லுக்கடியில் வைத்த எலுமிச்சம்பழம்
சரியாக நசுங்கவில்லை என்றாளாம்.
பெண் விதுஷா குதிச்சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்து,
பட்டுச்சேலையோடு பஸ் ஏறி,
முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்க மண்டபத்தில் இறங்கினாளாம்.
டிக்கெட்டும் எடுத்தாளாம்.

நான் எலுமிச்சம்பழத்தை விசாரிக்கவில்லை.
எண்ணெயை விசாரித்தேன்.

எஞ்சின் நல்ல சூடு. லீவர் பார்க்கில்.
ஓடவிட்டபடியே அளவுகோலை உருவினேன்.
கீழ்க்கோட்டுக்கும் கீழே வெறும் இரும்பு.
நுனியில் இருந்த ஒரு துளியை மோந்தேன்:
கருகல் இல்லை. நிறம் இன்னும் மாதுளை.
தட்டுகள் எரியவில்லை, பெட்டி சாகவில்லை.
பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான்.

"போன மாசம்தானே ஒரு லீற்றர் விட்டனான்!"
காருக்கடியில் இரவிரவாக விரித்து வைத்த அட்டையை
எடுத்துக் காட்டினார். வாழைப்பழப் பெட்டி அட்டை.
ஒரு சொட்டுக் கறை இல்லை.

ஒரு லீற்றர் போயிருக்கிறது, ஒரு சொட்டும் விழவில்லை.
அப்படியென்றால்
உள்ளே யாரோ குடிக்கிறார்கள்.

வண்டியை உயர்த்தி அடியில் நின்றேன்.
தொங்கு ரயில் ஒன்று வளைவில் கிரீச்சிட்டுப் போனது.
பெட்டியின் விலாவில்
விபூதிச் சிமிழ் அளவில் ஒரு தகர டப்பா,
அதற்குள் ஒரு ரப்பர்த் தோல்.
எஞ்சின் இழுக்கும் மூச்சைக் கேட்டு,
ஓட்டுகிறவரின் கால் எவ்வளவு அழுத்துகிறதென்று
பெட்டிக்குச் சொல்வது அதன் வேலை.
மூச்சுக்குழாயைப் பிடுங்கினேன்.
சிவப்பாக ஒழுகி என் முழங்கைவரை வந்தது.

தோல் கிழிந்துவிட்டது.
கிழிசல் வழியே எஞ்சின்
பெட்டியின் எண்ணெயை உறிஞ்சி எரித்துப்
புகையாக விட்டிருக்கிறது.
செய்தியும் நின்றுபோனது.
செய்தி வராத பெட்டிக்கு
எல்லாச் சாலையும் ஏற்றம்.
ஆற்றோரச் சமதரையில் சும்மா உருளும்போதும்
மலையேறுவதாக நினைத்துப்
பல்லைக் கடித்துக்கொண்டு
பிந்திப் பிந்தி மாற்றியிருக்கிறது, பாவம்.

இரவு வேலையை விட்ட பிறகும் ஒரு வருடம்
மூன்று மணிக்கு எழும்பிச் சப்பாத்து மாட்டியவள் நான்.
எனக்கு அது விளங்கியது.

டப்பா எண்பத்தேழு யூரோ. ஒரு போல்ட். அரை மணி.
நீளக்கழுத்துப் புனலில் புது எண்ணெய்:
கொஞ்சம் விடு, அளவு பார், இன்னும் கொஞ்சம்.
கூடினால் நுரைக்கும், அது வேறொரு நோய்.

மழையில் அதே மேட்டில் ஏற்றினோம்.
குழாயில் தங்கியிருந்த பழைய புகை
கொஞ்சம் இருமிவிட்டு நின்றது.
ஒன்று.
இரண்டு.
வாகீசன் வாயைத் திறந்தபடி இருந்தார்.
மூன்று எப்போது வந்ததென்று இருவருக்கும் தெரியாது.

"ரெண்டில ஒரு சின்ன உதை கிடக்குதே?"
"திருகு ஒண்டு இருக்கு, அரைச் சுத்து. வியாழன் வாங்கோ."

அதற்குள் மாமியின் போன்.
ஸ்பீக்கரில் போட்டார்.
"என்னவாம் பிரச்சினை?"
"ஒரு தோல் மாமி, தோல்தான் பிரச்சினை."
"பாத்தியே! பழத்தின்ர தோல் கிழியேல்லை எண்டு
நான் அப்பவே சொன்னனான்."