பதினாறாவது தடம்

ஒரு காலத்தில் அறையையே அடைத்துக்கொண்ட மேசை
இப்போது என் மடிக்கணினிக்குள் படுத்திருக்கிறது.
இரு ஓரமும் மரப்பலகை வரைந்திருக்கிறார்கள்.
முள் துடிக்கும் மீட்டர்கள்,
திருகினால் கிளிக் என்றுகூடச் சொல்லாத குமிழ்கள்,
‘டேப்’ என்று ஒரு பட்டன்:
அமுக்கினால், இல்லாத நாடாவின் சூடு
இருக்கிற பாட்டில் ஏறுமாம்.
அறுபத்தொன்பது வெள்ளி கொடுத்தவன்
நம்பாமல் என்ன செய்ய.

பகலில் பாசிர் பாஞ்சாங்கில்
திரை பார்த்துக் கன்டெய்னர் தூக்குகிறேன்.
அங்கே விரல் அசைந்தால் முப்பது டன் அசையும்.
இங்கே, யீஷூனில், பதினோராம் மாடியில்,
இரவு ஒன்றரைக்கு,
அரை டெசிபெல்.

கீழ்வீட்டுத் திரு டியோவுக்கு என் ஸ்பீக்கர் ஆகாது.
மின்தூக்கியில் ஒருநாள் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்,
பேஸ் அங்கேதான் இடிக்கிறதாம்.
அதனால் ஹெட்போன்.
அதனால் என் பேஸ் எல்லாம் ஊகம்.

யோகவதியின் குரலை
வெடிகுண்டுக் காப்பறையில் பதிந்தோம்.
வீவக வீட்டோடு வந்த இரும்புக் கதவு,
போருக்கென்று தடித்த சுவர்;
வந்ததென்னவோ அரிசி மூட்டையும் மடிக்கிற சைக்கிளும்.
அவற்றை வெளியே தள்ளி
இரண்டு போர்வை தொங்கவிட்டு
அவளை உள்ளே நிற்க வைத்தோம்.
மூன்றாம் டேக்கில் வியர்த்து வழிந்தாள்.
நான்காவதில் மேல்வீட்டில் யாரோ கோலி உருட்டினார்கள்.
இது ஐந்தாவது.

மூன்று வாரமாக அனுப்புகிறேன்.
ஜெகதீசன் எழுதுகிறான்: உறுமி கேக்கவே இல்ல, ப்ரோ.
ஷாஹுல்: பேஸ் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம்.
யோகவதி கட்டைவிரல் ஒன்றை அனுப்புகிறாள்,
நன்றாயிருக்கிறது என்கிறதா
இன்னும் மேலே ஏற்றச் சொல்கிறதா,
தெரியாது.

ஒருவர் ஏற, அடுத்தவர் ஏற,
கடைசியில் காப்பிக்கடை மேசையில்
எல்லாரும் ஒரே நேரம் பேசுவதுபோல் ஆகிறது.
சிவப்பு விளக்கு.
எல்லாரையும் இறக்கிவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து.

போன புதன் ஜெகதீசன் நேரிலேயே வந்தான்,
விரலில் இரண்டு பை கோப்பி தொங்க.
“கொஞ்சம் தூக்கு” என்றான்.
எதனோடும் இணைக்காத ஃபேடர் ஒன்றைப் பிடித்து
மெல்ல, மிக மெல்ல, மேலே தள்ளினேன்.
அவன் கண்ணை மூடினான்.
“ஆங், அங்கதான். இப்பதான் வயித்துல உறுமுது. தொடாத.”
தொடவில்லை.
ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு
சிரிப்பைக் கோப்பியோடு உள்ளே அனுப்பினேன்.

ஆனால் அந்தப் பதினாறாவது தடம்.
அதில் எவரும் இல்லை.
யோகவதி தண்ணீர் குடிக்கப் போன நாற்பது நொடி,
மைக்கை நிறுத்த மறந்துவிட்டேன்.
காலி அறை பதிந்திருந்தது.
போர்வை, கான்கிரீட்,
இடுக்கு வழியே வந்த ஃபிரிட்ஜின் ரீங்காரம்.
அலை என்று சொல்ல ஏதுமில்லை,
கோட்டில் ஒரு நூல் பிசிறு.

அதை வெட்டி ஒட்டி
பாட்டு முழுக்க அடியில் விரித்திருந்தேன்,
எதற்கென்று இப்போது நினைவில்லை.
நேற்று, ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று
மியூட் போட்டு அனுப்பினேன்.

பத்தே நிமிடத்தில் யோகவதி,
முதன்முறையாகச் சொற்களில்:
“நான் எங்க நின்னு பாடுறேன்னே தெரியலயே.”

வெறும் ஃபேடருக்கு ‘உறுமி 2’ என்று
பெயர் எழுதிவிட்டேன், அவனுக்கு மரியாதையாக.
பதினாறின் மியூட்டை எடுக்கிறேன்.
கேட்டதாகச் சொல்ல முடியாத ஆழத்தில்
அறை திரும்புகிறது,
அவள் கால் தரையில் படுகிறது.

அந்த நாற்பது நொடியைத் தனியாக,
ஒலியைக் கடைசிவரை ஏற்றிக் கேட்டால்
இருபத்தாறாம் நொடியில் ஓர் இருமல்.
மின்தூக்கிப் பக்கமிருந்து.
திரு டியோதான், சந்தேகமில்லை.

வெட்டப் போனேன். வெட்டவில்லை.
மூன்று நிமிடம் ஐம்பது நொடிப் பாட்டில்
ஆறுமுறை இருமுகிறார்,
ஆறும் தாளத்துக்கு வெளியே.

‘ஏற்றுமதி’யை அமுக்கினேன்.
பட்டை நகர்ந்தது, பெட்டி நகர்வதுபோல்.
ஏழு மணிக்கு ஷிஃப்ட்.
மின்தூக்கியில் அவரைப் பார்த்தால்
வழக்கம்போல் தலையாட்டுவேன்.