கடைசி நான்கு

திரை ஒடிந்த பழைய மடிக்கணினி
கோட்டு மாட்டும் அலமாரியில், பனிச்சப்பாத்துகளுக்கு மேல்.
இனி அதுதான் நம் பெட்டகம் என்றேன்.
உர்மாஸ் சிரித்தான்:
"நனைந்த கம்பளி நாற்றமடிக்கும் பெட்டகம்."

போன மாதம் எங்கள் கடைக் கணக்கில் எவனோ புகுந்து
மூன்று கைப்பேசி வாங்கிவிட்டான்.
அதற்குப் பிறகுதான் எனக்கு இந்த வேகம்.

சனிக்கிழமை காலை டெபியன் ஏறியது.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
தாமுலா ஏரியில் பனியைத் துளையிட்டு
யாரோ மீனுக்குக் காத்திருந்தார்கள்.
நான் ஒரு சான்றிதழுக்கு.
இரண்டு முறை மறுத்தது.
முகவரியில் ஒரு புள்ளி விட்டிருந்தேன்;
அந்தப் புள்ளியைத் தேடி முடிப்பதற்குள்
பட்டாணி சூப் அடிப்பிடித்துவிட்டது.

மூன்றாம் முறை பூட்டுச் சின்னம் வந்தது.
கூடத்துக்கு ஓடிப்போய்க் காட்டினேன்.
"பூட்டுதானே" என்றான்.

இரவு பதிவேட்டைப் படித்தேன்.
கதவு வைத்து ஆறு மணி நேரம் ஆகவில்லை,
அதற்குள் தட்டியிருக்கிறார்கள்:
ரூட். அட்மின். டெஸ்ட். மறுபடி ரூட்.
எந்த ஊரோ, எந்த இயந்திரமோ,
நொடிக்கொரு பெயராய் முணுமுணுத்துக்கொண்டு.
மாரிகா என்று ஒருவரும் தட்டவில்லை.
ஐந்து தடவைக்கு மேல் தட்டுகிறவனுக்கு
வாசலே தெரியாதபடி எழுதிவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு, குடிமாற்றம்.
உலாவியில் கிடந்ததையெல்லாம் ஒரே கோப்பாக இறக்கினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு வரி,
மறைப்பில்லாமல், கொடியில் காயும் உள்ளாடைபோல.
ஏற்றிவிட்டு அழிக்க வேண்டும், அதுதான் முறை.
படிக்க நினைக்கவில்லை.
கண் படித்துவிட்டது.

மரலாரிக் கம்பெனி, வங்கி, மீன்பிடி அனுமதி, வானிலை:
உர்மாஸின் கடவுச்சொற்கள் எங்கெங்கோ தொடங்கி
1706 என்று முடிந்தன, அத்தனையும்.
எங்கள் கல்யாணம் செப்டம்பரில்.
அவன் பிறந்தது ஜனவரி.
அவன் அம்மா போனது ஒரு பனிக்காலம்.
நாய்க்குக்கூட அந்தத் தேதி இல்லை.

கோப்பை அழித்தேன். சும்மா அல்ல,
அதன் மேல் குப்பை எழுத்து, குப்பையின் மேல் குப்பை,
கடைசியில் வரிசையாகப் பூஜ்யங்கள்.
ஒரு வரிக் கட்டளை.
என் தலைக்குள் போன நான்கு எண்ணுக்கு
அப்படியொன்று கையேட்டில் இல்லை.

மாலைக்குள் எல்லாவற்றையும் மாற்றினோம்.
இயந்திரமே உருட்டிப் போட்டது இருபது இருபது எழுத்தாக,
வாயில் நுழையாத, யாருக்கும் சொந்தமில்லாத எழுத்து.
கணக்குக்குக் கணக்கு 1706 உதிர்ந்தது.
அவன் மறுக்கவில்லை.
கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே
"சரி, அடுத்தது" என்றான்.

"மாஸ்டர் சொல் மட்டும் உன்னுடையது.
எங்கும் எழுதாதே. மறந்தால் என்னாலும் திறக்க முடியாது.
பெட்டி என்னுடையது; உள்ளே பார்த்தால்
எனக்குத் தெரிவது கலைத்துப் போட்ட எழுத்துதான்."
"நிஜமாகவா?"
"நிஜமாக."
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.
"அந்தப் பக்கம் திரும்பு."

சன்னல் பக்கம் திரும்பினேன்.
ஏரி மேல் ஒரே ஒரு விளக்கு.
முதுகுக்குப் பின்னால் விசைகள்:
ஒற்றை விரலின் தடித்த, மெதுவான எழுத்துகள்.
ஒரு நிறுத்தம்.
பிறகு, வலப்பக்க எண்பலகையில் மட்டும் கேட்கும்
அந்தத் தளர்ந்த ஓசை,
நான்கு முறை.

இப்போது இரவு இரண்டரைக்குத் தானே நகலெடுத்துக்கொள்கிறது.
வெள்ளிதோறும் அதை ஒரு பென்டிரைவில் ஏற்றி
தங்கை வீட்டுச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டுவிட்டு வருகிறேன்,
வீடே எரிந்தாலும் அவனுடையது தப்பட்டும் என்று.

ஜூன் பதினேழுக்கு
இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.