நாலு சாம்பிள்

கிழங்கு கிலோ நாற்பது.
மண்ணோடு எடை போட்டான்.
மண்ணுக்கும் சேர்த்தே கொடுத்தேன்,
நோம்பி நாளில் பேரம் பேச
வாய் வரவில்லை.

பூப்பறிக்கிற நோம்பிக்கு
காலை பத்திலிருந்து மாலை நாலு வரை
மௌனிகா என்னிடம்.
கோர்ட்டுத் தாள் அப்படித்தான் சொல்கிறது.
பெற்ற பிள்ளை ஒறம்பரையாக வருகிற வீட்டில்
என்ன ஆக்கிப் போடுவதென்று
தாளில் இல்லை.

போனில் கேட்டேன்.
"சக்கரவள்ளிக் கெழங்கு செய்ங்ப்பா, பாகுல போட்டு,
மேல என்னமாச்சும் தூவி."
மேலே என்ன?
கேட்பதற்குள் அவளுக்கு பஸ் வந்துவிட்டது.

பதினெட்டு வருஷமாகக் கட்டிங் மாஸ்டர்.
நூறு அடுக்குத் துணியில்
நூல் பிசகாமல் கழுத்து வளைவு எடுப்பேன்.
வெந்த கிழங்கிடம் அது நடக்கவில்லை.
நடுத்துண்டு நேராக வந்தால்
முனைத்துண்டு குழைகிறது.
வேஸ்டேஜை நானே தின்றேன்,
நின்றுகொண்டே.

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை,
ஊத்துக்குளி வெண்ணெய்,
சுக்கு ஒரு சிட்டிகை,
உப்பு, இருக்கிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு.
பாகு நுரைத்து அடங்கியதும்
சாயத்தொட்டி போல நிறம் ஏறும்.
ஒரு நொடி விட்டால் ஷேடு மாறிவிடும்.
மாறவில்லை. அதில் மட்டும் தப்பில்லை.

பன் எடுத்த பிறகு
தெய்வசிகாமணி பேக்கரியில் அடுப்புச் சூடு
சும்மாதான் கிடக்கும்.
"தட்டத்தைப் பொறவு கழுவிக் குடுத்துருங்க மாஸ்டர்."

ஆறு வயதில் அவளுக்குக் கடலை.
தோல் ஊதி, ஒன்றிரண்டாக இடித்தது. ஒரு மூலை.
ஒன்பதில் கொப்பரை,
துருவத் துருவக் கையிலிருந்தே பிடுங்கித் தின்பாள்.
இப்போது பதிமூன்று.
பதிமூன்றுக்கு என்ன பிடிக்கும்?
சூப்பர் மார்க்கெட்டில்
பஞ்சுமிட்டாயைப் பிசைந்து உருட்டியது போல
வெள்ளையாக ஒரு சாமான் இருந்தது,
எலாஸ்டிக் மாதிரி இழுபட்டது.
"பசங்க விரும்புவாங்க சார்" என்றாள் பில் போடுகிற பெண்.
அது மூன்று.
நாலாவது மூலைக்குக் கை
தானாக எள்ளை எடுத்தது.
படபடவென்று பொரிந்தது.
யாருக்கென்று யோசிக்கவில்லை.

நாலு கலரில் சாம்பிள் வைத்துவிட்டு
பையர் எதை ஓகே பண்ணுவாரோ,
ஒன்றும் சொல்லாமல் காருக்குப் போய்விடுவாரோ என்று
கழுத்தில் இஞ்ச் டேப்போடு நின்றிருக்கிறேன்.
அதே நிற்பு இன்றைக்கும்.

பனியன் கம்பெனிகள் மூடிய திருப்பூரில்
செருப்புச் சத்தம் தெருமுனையிலிருந்தே கேட்டது.
கையில் ஒரு கொத்து ஆவாரம்பூ,
எந்த வேலியோரம் ஒடித்தாளோ.
ஷோல்டர் பதினாலரை
என்று கண் அளந்துவிட்டது.
போன நோம்பிக்குப் பதிமூன்று.

அரிசிம்பருப்புச் சோறு தின்றாள்.
மறுசோறும் கேட்டாள்.
தட்டத்தைத் திறந்தேன்.
வெள்ளைச் சாமான் கருகி உப்பியிருந்தது.
"ஐயோ, இதெல்லாம் எதுக்குங்ப்பா?"
சிரித்தபோது பல்லில் கம்பி.
"கடலை கடிக்கக் கூடாதுங்க. டாக்டர் வெய்வாரு.
கொப்பரையும் சிக்கிக்கும்."
எப்போது போட்டது, எவ்வளவு ஆனது,
யாரும் என்னிடம் சொல்லவில்லை.
மேலே இருந்ததையெல்லாம் சுரண்டி என் தட்டில் போட்டுவிட்டு
அடியிலிருந்த கிழங்கை மட்டும்
ஒவ்வொன்றாகத் தின்றாள்.
விரலில் ஒட்டிய பாகை
சின்ன வயதில் நக்கியது போலவே நக்கினாள்.
பையர் ஓகே பண்ணியது வெறும் துணியை.

எள் மூலையை மட்டும் தொடவில்லை.

மூணே முக்காலுக்கு,
"ஒரு டப்பா இருக்குங்களா?"
"எதுக்கு?"
"அம்மாவுக்கு எள்ளுன்னா உசுரு."

தெரியும் என்று நான் சொல்லவில்லை.
டப்பா தேடப் போனேன்.
கைக்கு எதிரே இருந்ததைக்
கொஞ்ச நேரம் தேடினேன்.

"டப்பா திரும்ப வேணும்னு சொல்லிரு.
மூடி டைட்டா இருக்கற டப்பா."
"சரிங்ப்பா."

பஸ் போனது.
தட்டம் கழுவ உட்கார்ந்தேன்.
ஓரத்தில் பாகு கண்ணாடியாக இறுகியிருந்தது.
சுரண்டினால் தட்டம் கீறும்.
வெந்நீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.