வர முடியாத இடம்

ஃபுளோரஸ் தீவுக்கு எப்படி வருவது என்றுதான்
எல்லா மணப்பெண்களும் முதலில் கேட்பார்கள்.
லீட்ஸிலிருந்து பேசிய ஹெஸ்டர்
எத்தனை பேரால் வர முடியாமல் போகும்
என்று கேட்டாள்.

பேனாவைக் கீழே வைத்தேன்.
பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழில்:
நாற்காலி, பாதிரியார், பூ, மழை வந்தால் கூடாரம்.
இந்தக் கேள்விக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்று விமானம் மாற வேண்டும், என்றேன்.
கடைசி விமானம் சின்னது.
காற்று எழுந்தால் தீவைப் பார்த்துவிட்டுத்
திரும்பிப் போய்விடும்.
போன செப்டம்பரில் ஒரு கேக்
நான்கு நாள் பக்கத்துத் தீவில் கிடந்தது.
ஹைட்ரேஞ்சியா வேலிகளும் அப்போது
பழுப்படிக்கத் தொடங்கிவிடும்.

எச்சரிக்கைக்காகத்தான் சொன்னேன்.
திரையில் அவள் முகம்
விலையைப் பாதியாக்கியதுபோல் மலர்ந்தது.
செப்டம்பரே இருக்கட்டும், என்றாள். செவ்வாய்க்கிழமை.

பிறகு வாரம் ஒரு பட்டியல் வந்தது.
நூற்றுப் பன்னிரண்டு பெயர். எழுபது. ஐம்பத்தாறு.
முழங்கால் வலியால் ஒரு சித்தப்பா,
பள்ளிக்கூடம் திறப்பதால் ஒரு குடும்பம் முழுக்க,
காரணமே சொல்லாமல் ஒரு தோழி.
அந்தத் தோழியின் பெயரை மட்டும்
இரண்டு வாரம் அடிக்காமல் வைத்திருந்தாள்.
நாற்காலிக்கு இரண்டரை யூரோ வாங்கும் தியோலிந்தா
இது தேய்பிறைக் கல்யாணமா என்று கேட்டாள்.

ஒரு பெயர் அசையவில்லை.
எல்லாப் பட்டியலிலும் முதல் வரி:
மோரீன் ஹெப்வொர்த், மணப்பெண்ணின் தாய்.
எதிரே: இன்னும் தெரியவில்லை.

ஒரு ராத்திரி மாப்பிள்ளை தனியாக அழைத்தான்.
பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினான்.
மோரீனுக்கு விமானம் என்றால் பயம்,
முப்பது வருடமாக ஏறியதில்லை.
குழாயை மூடினான்.
ஹெஸ்டருக்கு அது தெரியும், என்றான்.
மறுபடி குழாயைத் திறந்துவிட்டான்.

கூப்பிட்டேன், வரவில்லை
என்பதற்கும்
கூப்பிடவில்லை
என்பதற்கும் நடுவே
ஒரு பெருங்கடலில் பாதியை வாங்கியிருக்கிறாள்.
அதற்குத்தான் அந்த முன்பணம்.

என் அம்மா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள்.
சண்டையென்றால் எதிர்ப்பக்கமாக நடப்போம்,
ரொட்டிக் கடையில் இடித்துக்கொள்வோம்.
இந்தத் தீவில் யாரும் யாருக்கும்
தூரமாகிவிட முடியாது.
தூரத்தை வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் விற்கிறோம்.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கையில்
லாஜெஸ் துறையில் ஒரு பாய்மரப் படகு வந்து கட்டியது.
அதில் ஒரு கிழவர், ஒரு நாய்,
உருளைக்கிழங்கு உரித்து உரித்து
விரல் வெடித்த ஒரு பெண்.
ஃபால்மத்திலிருந்து பதினாறு நாள்.
சமையலுக்கு ஆள் தேவை என்று
துறைமுகச் சுவரில் ஒட்டிய சீட்டைப் பார்த்து ஏறியிருக்கிறாள்.
நீச்சல் தெரியாது என்பதைக்
கரைக்கு வந்தபின்தான் சொன்னாளாம்.

தரையிலும் ஆடிக்கொண்டே
என் கடை வாசலில் நின்றாள்.
எல்லாம் நனைந்திருந்தது, தொப்பிப் பெட்டியைத் தவிர.

"அவளிடம் சொல்லாதீர்கள்" என்றாள்.
"பின்வரிசை போதும்.
பார்த்துவிட்டு முகம் மாறினால்
படகு இன்னும் இங்கேதான் நிற்கிறது."
என்ன நடந்தது உங்களுக்குள் என்று
நான் கேட்கவில்லை.
காபி கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

ஹெஸ்டர் நாளை மதியம் வருகிறாள், காற்று விட்டால்.
விடும் என்கிறது வானொலி.

தியோலிந்தாவை அழைத்தேன்.
ஒரு நாற்காலி கூட வேண்டும்.
அதிசயந்தான், எங்கே போட, என்றாள்.
வரைபடத்தை விரித்தேன்.
இருபத்துமூன்று கட்டங்கள்,
நடுவில் பாதை, பின்னால் பாறை, அப்புறம் கடல்.
எங்கே போட, என்றாள் மறுபடி.

வண்டியிலேயே இருக்கட்டும், என்றேன்.
பில்லை என் பெயரில் போடு.